அமெரிக்க அரசமைப்பைப் படிக்கும்போது நம்மவர்கள் தடுமாறும் இடங்கள்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் தமிழர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெற்றோர்களுக்கு, சொல்லிக்கொடுத்துச் சேர்ந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறோம். படிக்க வருபவர்கள் அரசியல் தெரியாதவர்கள் அல்லர். ஊரில் காலையில் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள், சட்டமன்ற விவாதங்களை விடாமல் கவனித்தவர்கள். அந்த அறிவுதான் இங்கே முதலில் குறுக்கே நிற்கிறது. இந்திய நாடாளுமன்ற முறையை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்க முறையைப் படித்தால் பாதிப் பதில்கள் மனதில் ஒட்டாது. ஒட்டுகிற மீதியும் தப்பாக ஒட்டும்.

முதலில் தேர்வைப் பற்றி. 2025 அக்டோபர் 20 முதல் என்-400 படிவம், அதாவது குடியுரிமை விண்ணப்பம், போட்டவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து அதிகாரி 20 கேள்விகள் வரை கேட்பார். 12 சரியாக இருந்தால் பாஸ். 12 சரியானதும் நிறுத்திவிடுவார். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார். அந்தத் தேதிக்கு முன்பு விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கு: 100 கேள்விகளிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 போதும். இரண்டுமே வாய்மொழித் தேர்வுதான். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

எண்ணிக்கை கூடியதைவிட முக்கியமான மாற்றம், புதிய பட்டியலில் 'ஏன்' என்று கேட்கும் கேள்விகள் கூடியிருப்பது. செனட்டர்களைவிடப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் ஏன் குறைவு? உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏன் ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கிறார்கள்? பத்தாவது திருத்தத்தின் நோக்கம் என்ன? இவற்றை நெட்டுரு போட்டால் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஆனால் எந்த விஷயத்தை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகினால் பட்டியல் தானாகச் சுருங்கும். இந்த அதிகாரம் யாருக்கு எங்கிருந்து வந்தது? அதை யார் தடுக்க முடியும்?

இந்த இரண்டு கேள்விகளும் அரசமைப்பை எழுத 1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்களின் கேள்விகள்தான். பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாகாணங்களும் 1781 முதல் ஒரு தளர்வான கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இருந்தன. அதில் மத்தியக் காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. மாகாணங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுக்காவிட்டால் வேறு வழியில்லை. போரில் சண்டையிட்ட வீரர்களுக்குச் சம்பள பாக்கி, கடன் பாக்கி. 1786-இல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டபோது, அதை அடக்க மத்திய அரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. வலுவான மத்திய அரசு தேவை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் ஒரு ராஜாவை விரட்டிவிட்டு இன்னொரு ராஜாவைக் கொண்டுவரவும் யாரும் தயாராக இல்லை. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. கலந்துகொண்ட 55 பேரில் 39 பேர் 1787 செப்டம்பர் 17 அன்று புதிய அரசமைப்பில் கையெழுத்திட்டார்கள். ஒன்பதாவது மாகாணமாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று ஒப்புதல் தந்ததும் அது நாட்டின் அடிப்படைச் சட்டமானது. மொத்தம் 7 பிரிவுகள்தான். இந்திய அரசமைப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். தேர்வுக்குப் போகும் முன் ஒருமுறையாவது முழுசாகப் படியுங்கள்.

இனி, தடுமாற்றம் அதிகம் நடக்கும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் உள்ள உறவு. இந்தியாவில் பட்டியல்களில் சொல்லாமல் விட்ட அதிகாரம் எல்லாம் மத்திய அரசுக்குப் போகும். இங்கே நேர் எதிர். காங்கிரஸ் (இங்கே அது கட்சி அல்ல; பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு சபைகள் கொண்ட நாடாளுமன்றம்) எதையெல்லாம் செய்யலாம் என்று முதல் பிரிவின் எட்டாவது உட்பிரிவு வரிசையாகச் சொல்கிறது: வரி, கடன், நாணயம், தபால், போர் அறிவிப்பு, வெளிநாட்டு வணிகமும் மாகாணங்களுக்கு இடையிலான வணிகமும், குடியுரிமை வழங்கும் விதிகள் என்று. மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாதவை, மாகாணங்களுக்குத் தடை செய்யப்படாதவை, எல்லாம் மாகாணங்களுக்கு அல்லது மக்களுக்கு என்கிறது பத்தாவது திருத்தம். மாகாணங்கள் மத்திய அரசின் கிளை அலுவலகங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் சொந்த அரசமைப்புச் சட்டம், சொந்த உச்ச நீதிமன்றம், சொந்தக் குற்றவியல் சட்டம் உண்டு. கவர்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். வாஷிங்டன் அனுப்பிவைப்பவர் அல்லர். அதிபர் அவரைப் பதவி நீக்கவோ, மாகாண அரசைக் கலைக்கவோ முடியாது. 'ஜனாதிபதி ஆட்சி' போன்ற ஒன்று இங்கே இல்லவே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டெக்சஸில் ஒரு வீட்டுக்கு வரும் சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே மதிப்பு. அதற்குக் கீழே கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒரு வரி, நகரத்துக்கு ஒரு வரி, பள்ளி மாவட்டத்துக்குத் தனி வரி, இடத்தைப் பொறுத்துக் கல்லூரி மாவட்டத்துக்கோ குடிநீர் மாவட்டத்துக்கோ இன்னொன்று. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு நிர்வாகக் குழு இருக்கிறது. பெரும்பாலும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. அந்த பில்லில் வாஷிங்டனுக்கு ஒரு பைசாகூட இல்லை. டிரைவிங் லைசன்ஸ், திருமணப் பதிவு, விவாகரத்து, பள்ளிப் பாடத்திட்டம், ஊர் போலீஸ் எல்லாம் மாகாணத்தின் அல்லது அதன் கீழுள்ள உள்ளாட்சியின் கையில். விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட், ராணுவம், நாணயம் மத்திய அரசின் கையில். 'மத்திய அரசுக்கு மட்டுமே உள்ள அதிகாரம் ஒன்று, மாகாணத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம் ஒன்று சொல்லுங்கள்' என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டு வாக்கியங்களே போதும்.

இரண்டு அரசுகளும் ஒரே விஷயத்தில் மோதினால் என்ன ஆகும்? ஆறாவது பிரிவின்படி, அரசமைப்புக்கு உட்பட்டு இயற்றப்பட்ட மத்தியச் சட்டம்தான் நிற்கும். இது ஏட்டுச் சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பல மாகாணங்களில் கஞ்சாவைக் கடையில் விற்கச் சட்டப்படி அனுமதி இருக்கிறது. ஆனால் மத்தியச் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம் என்பதால், கிரீன் கார்டுக்காரர் ஒருவர் மாகாணச் சட்டப்படி வாங்கிப் பயன்படுத்தியிருந்தாலும், அப்படிப்பட்ட கடையில் வேலை பார்த்திருந்தாலும், 'நன்னடத்தை' இல்லை என்று அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குடியுரிமைத் துறை 2019-இலேயே இதை வெளிப்படையாக எழுதி அறிவித்துவிட்டது. காலேஜ் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

இரண்டாவது தடுமாற்றம், அதிபரைப் பிரதமராக நினைப்பது. பிரதமர் நாடாளுமன்றத்தின் உள்ளிருந்து வருகிறார். அதன் நம்பிக்கை போனால் அவரும் போக வேண்டும். அதிபர் காங்கிரஸின் உறுப்பினரே அல்லர். அவரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு; ஜெயிக்க 270 வாக்கு வேண்டும். காங்கிரஸில் அவருடைய கட்சி தோற்றாலும் நான்கு ஆண்டுகள் அவர்தான் அதிபர். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. பதவி நீக்கம் உண்டு, ஆனால் அது குற்றச்சாட்டின் மீது நடப்பது: பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில்தான் நீக்க முடியும். இதுவரை எந்த அதிபரையும் செனட் அப்படி நீக்கியதில்லை. அதிபரும் பதிலுக்குச் சபையைக் கலைத்துத் தேர்தல் வைக்க முடியாது. பிரதிநிதிகளுக்கு 2 ஆண்டு, செனட்டர்களுக்கு 6 ஆண்டு. தேர்தல் தேதி போர்க்காலத்தில்கூட மாறியதில்லை. அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது. ஒரு செனட்டர் அமைச்சரவைக்குப் போனால் செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பதவிக்காலங்கள் ஏன் இப்படி? 435 பிரதிநிதிகளும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் வந்து நிற்க வேண்டும். அப்போதைய மக்கள் மனநிலை அந்தச் சபையில் தெரிய வேண்டும் என்பதற்காக. செனட் நிதானமாக யோசிக்க வேண்டிய சபை. மாகாணத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 100, ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மாறும். கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு. சிறிய மாகாணங்கள் இந்த ஒப்பந்தத்துக்குத்தான் 1787-இல் இறங்கி வந்தன. 1913 வரை செனட்டர்களை மாகாணச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன; பதினேழாவது திருத்தம் அதை மக்களிடம் கொடுத்தது.

ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால் இரண்டு சபைகளும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். பிறகு அதிபரிடம் போகும். ஞாயிறு நீங்கலாக 10 நாள். அவர் கையெழுத்திடலாம், ஆட்சேபத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம், எதுவும் செய்யாமல் விட்டால், காங்கிரஸ் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்வரை, அது தானாகவே சட்டமாகும். திருப்பி அனுப்பினால், இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் இருந்தால்தான் அவரை மீறி நிறைவேற்ற முடியும். செனட்டில் 60 வாக்கு வேண்டும் என்று செய்திகளில் கேட்பது அரசமைப்பில் உள்ளதல்ல. விவாதத்தை முடித்து வைப்பதற்கு செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. இதைப் பலர் தேர்வில் கலந்து சொல்லிவிடுகிறார்கள்.

அதிகாரப் பிரிவினை என்பது வெறும் தத்துவம் என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் எப்போதும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. ஜகதீஷ் ராய் சத்தா, கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு 1966-இல் மாணவர் விசாவில் வந்தவர். 1972-இல் விசா முடிந்தது. நாடு கடத்தும் விசாரணையில், திருப்பி அனுப்பினால் அவருக்குக் கடுமையான இன்னல் நேரும் என்று ஏற்றுக்கொண்ட குடிவரவு நீதிபதி, 1974-இல் நாடு கடத்தலை நிறுத்தி வைத்தார். அப்போதைய சட்டப்படி, இப்படிப்பட்ட முடிவை இரண்டு சபைகளில் ஏதாவது ஒன்று மட்டும் தீர்மானம் போட்டு ரத்து செய்யலாம். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, 340 பேர் அடங்கிய பட்டியலிலிருந்து ஆறு பேரை எடுத்து, அவர்களுக்குக் கிடைத்த சலுகையை ரத்து செய்தது. விவாதமும் இல்லை, பதிவு செய்யப்பட்ட வாக்கெடுப்பும் இல்லை. அந்த ஆறு பேரில் சத்தாவும் ஒருவர்.

அவர் கடைசிவரை போராடினார். 1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்தது: ஒருவருடைய சட்ட உரிமையை மாற்றுவது சட்டம் இயற்றும் செயல், சட்டம் இயற்ற ஒரே வழிதான் உண்டு, இரண்டு சபைகளும் நிறைவேற்றி அதிபரிடம் அனுப்ப வேண்டும், ஒரு சபை மட்டும் செய்தது செல்லாது. இந்த ஒரு தீர்ப்பால், அதே மாதிரியான ஷரத்துகள் இருந்த பல சட்டங்கள் அடிவாங்கின. இரண்டு சபை, அதிபர் கையெழுத்து என்ற பள்ளிக்கூடப் பாடம் ஒரு மனிதரை இந்த நாட்டிலேயே இருக்க வைத்தது. இதைச் சொன்ன பிறகு 'மசோதா எப்படிச் சட்டமாகிறது' என்பதை யாரும் மறப்பதில்லை.

நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அரசமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என்று அந்த ஆவணத்தில் நேரடியாக எழுதப்படவில்லை. 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை நிலைநாட்டினார். நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. அதற்குப் பிறகு ஓய்வு வயது கிடையாது, சம்பளத்தையும் குறைக்க முடியாது. நியமித்தவருக்குப் பயப்படாமல் தீர்ப்பு சொல்லட்டும் என்பதே காரணம். 'ஏன்' கேள்விக்கு இதுவே பதில். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது இருக்கை என்பது 1869 முதல் மாறாமல் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நிர்ணயிப்பது காங்கிரஸின் சட்டம், அரசமைப்பு அல்ல.

திருத்தங்கள் மொத்தம் 27. ஒரு திருத்தம் நிறைவேற இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மாகாணங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 50-இல் 38, ஒப்புதல் வேண்டும். முதல் பத்துத் திருத்தங்கள்தான் உரிமைச் சாசனம், 1791. கடைசித் திருத்தம் காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றியது. 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல்தான் நிறைவேறியது.

உரிமைகளைப் படிக்கும்போது யாருக்கு என்பதைக் கவனியுங்கள். கிரீன் கார்டிலும் விசாவிலும் இருப்பவர்கள் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பயந்து வாழ்கிறார்கள், அது சரியல்ல. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையும் சட்ட நடைமுறை இல்லாமல் சுதந்திரம் பறிக்கப்படாமல் இருக்கும் உரிமையும் ஐந்தாவது திருத்தத்தில் உள்ளன. பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தருகிறது. இவை எல்லாம் 'எந்த நபருக்கும்' என்று எழுதப்பட்டவை. சான் பிரான்சிஸ்கோவில் சலவை நிலையம் நடத்திய சீனர் ஒருவர் தொடுத்த வழக்கில், குடியுரிமை இல்லாதவருக்கும் சமப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1886-இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் குடியுரிமை பெறும் வழியைக் காங்கிரஸ்தான் வகுக்கிறது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்கு, அப்போதைய சட்டம் சொன்ன 'வெள்ளையர்' வரையறைக்குள் இந்தியர் வரமாட்டார் என்று அதே நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1946-இல், காங்கிரஸ் சட்டத்தை மாற்றிய பிறகுதான். நம் பெற்றோர்கள் இன்று நிரப்பும் படிவத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

வாக்கு குடிமக்களுக்கு மட்டும். மத்தியத் தேர்தலில் இதற்கு விதிவிலக்கே இல்லை. நாங்கள் மிகவும் கவலைப்படும் இடம் இது. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லைசன்ஸ் எடுக்கப் போகும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய வாய்ப்பு தருவார்கள். கவுண்டரில் இருப்பவர் வேகமாகக் கேட்பார், அல்லது திரையில் ஒரு பெட்டி வரும். இங்கிலீஷ் சரியாகப் புரியாத பெரியவர் தலையாட்டிவிடுவார். 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போய்விடும். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு கடத்தல் வரை போகலாம். என்-400 படிவத்திலேயே எப்போதாவது வாக்களிக்கப் பதிவு செய்ததுண்டா, வாக்களித்ததுண்டா என்று கேட்பார்கள். எனவே லைசன்ஸ் அலுவலகத்துக்குப் பெரியவர்களோடு யாராவது கூடப் போங்கள். அந்தக் கேள்விக்கு 'நோ' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் அச்சான தாளைப் படியுங்கள். ஜூரி பணிக்கான கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல், குடிமகன் அல்ல என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். தவறுதலாக ஏற்கெனவே பதிவாகியிருந்தால், என்-400 போடும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். நீங்களாகவே நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது அவரைப் பார்த்த பிறகு இருக்கட்டும்.

தேர்வுக்கான தயாரிப்பில் இன்னும் சில. சில பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும்: உங்கள் செனட்டர், உங்கள் பிரதிநிதி, உங்கள் கவர்னர், மாகாணத் தலைநகர். பழைய புத்தகத்தில் அச்சான பெயரை நம்பாதீர்கள். பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் பெயர் வரும். வீடு மாறினால் பிரதிநிதியும் மாறலாம். இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் இந்தப் பெயர்களை மறுபடி சரிபாருங்கள். வாஷிங்டன் டி.சி.யில் இருப்பவர்கள் தங்களுக்கு செனட்டர் இல்லை என்று சொல்ல வேண்டும்; அதுதான் சரியான பதில்.

மொழிச் சலுகையில் குழப்பம் அதிகம். வயது 50 அல்லது அதற்கு மேல், கிரீன் கார்டோடு 20 ஆண்டு. அல்லது வயது 55 அல்லது அதற்கு மேல், 15 ஆண்டு. இவர்களுக்கு இங்கிலீஷ் தேர்வு இல்லை, மேலே சொன்ன கேள்விகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்குத் தனியாக 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியல். 10 கேட்டு 6 சரியானால் போதும். ஆண்டுக் கணக்கு கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து; டூரிஸ்ட் விசாவில் வந்துபோன ஆண்டுகள் சேராது. அறுபத்தெட்டு வயதில் ஆறு ஆண்டு கிரீன் கார்டோடு இருப்பவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. அவர் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் படிக்க, ஒரு வாக்கியம் எழுத மூன்று வாய்ப்புகள் தருவார்கள். எந்தப் பகுதியில் தோற்றாலும் 60 முதல் 90 நாளுக்குள் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி கூப்பிடுவார்கள்.

கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். அதற்கு மதிப்பெண் குறையாது. பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் படிவத்தில் உள்ள 'எப்போதாவது செய்ததுண்டா' கேள்விகளும் அதே அறையில், அதே அதிகாரியால், சத்தியப் பிரமாணத்தின் கீழ் கேட்கப்படுகின்றன.

விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டி அசையாமல் கிடந்தால், உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் உள்ளூர் அலுவலகத்தை அணுகலாம். வாக்கு இல்லாதவர்களுக்கும் உதவுவார்கள். அவர்கள் இணையதளத்தில் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, ரசீது எண்ணோடு அனுப்ப வேண்டும்; அந்த ஒப்புதல் இல்லாமல் துறை அவர்களிடம் உங்கள் விவரத்தைப் பேசாது. ஒரே நேரத்தில் பிரதிநிதிக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் அனுப்பாதீர்கள், ஒரே கேள்வி மூன்று முறை போய்க் குழப்பும், ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் விசாரிக்கலாம், நிலை என்ன என்று எழுத்தில் பதில் வாங்கித் தரலாம். 'இவருக்குக் குடியுரிமை கொடு' என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் சட்டம் இயற்றும் பிரிவைச் சேர்ந்தவர், விண்ணப்பத்தை முடிவு செய்வது நிர்வாகப் பிரிவு.